கூனிமலைக்கு முப்பது ரூபா

டிக்கெட் எடுத்துட்டீங்களா தம்பி? எடுத்து மேல் பாக்கெட்ல வைங்க. பேண்ட் பாக்கெட்ல வச்சா செக்கிங் வரும்போது எழுந்து நின்னு தேடணும், பக்கத்துல இருக்குறவன் கால மிதிக்கணும். மேல் பாக்கெட்டுதான் சரி.

கூனிமலைக்கா? நினைச்சேன். தொப்பி, தண்ணி பாட்டில், முதுகுல பை, பல்லு வச்ச பூட்ஸு. இப்பல்லாம் சனி ஞாயித்துக்கிழமை ஆனா இந்த பஸ்ஸுல பாதிப் பேரு உங்கள மாதிரிதான். ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்க, நான் இங்கிட்டு வர்றேன். எனக்கு ஜன்னல் வேணாம். மலை ரோட்டுல வெளிய பாக்குறது எனக்குப் பழக்கமில்ல. முப்பது வருசம் வண்டிக்குள்ளயே பாத்துப் பழகிருச்சு.

ஆமா, கண்டக்டராத்தான் இருந்தேன், இப்ப ரிட்டயர்டு. வீரபத்திரன். தேனியில இருந்து கம்பம் வரைக்கும் யாரை வேணா கேளுங்க, சொல்லுவாங்க. நல்லதாவும் சொல்லுவாங்க, மத்ததாவும் சொல்லுவாங்க. என் வண்டியில ஓசின்னு ஒருத்தன் வந்தது கிடையாது. ஒரு தடவை கல்யாணக் கூட்டம் ஒண்ணு ஏறுச்சு. பொண்ணு, மாப்பிள்ளை, தாம்பாளம், வாழைக்குலை, எல்லாம். அதுல ஒரு பெரியாளுக்கு டிக்கெட் எடுக்கல. மாப்பிள்ளை வீட்டுக்காரன் பொண்ணு வீட்டுக்காரனைக் காட்டுறான், அவன் இவனைக் காட்டுறான். விசில் அடிச்சு வண்டிய நிறுத்திட்டேன். முகூர்த்தம் போகுதுய்யான்னு பொண்ணோட ஆத்தா அழுதுச்சு. டிக்கெட்டுன்னா டிக்கெட்டு. கடைசியில மாப்பிள்ளையே பட்டு வேட்டி மடியில இருந்து காசு எடுத்துக் கொடுத்தான். அந்த மாப்பிள்ளை இன்னைக்கும் என்னைப் பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிறான். அவனுக்கு என்ன வருத்தம்னு எனக்குத் தெரியல.

ஆனா மலைங்குறது வேற. நல்லா யோசிங்க. பஸ்ஸு டீசல் குடிக்குது, டயர் தேயுது. மலை என்ன குடிக்குது? மலைக்கு எதுக்குங்குறேன் டிக்கெட்டு?

இந்தக் கேள்வியத்தான் நான் ஒச்சப்பன்கிட்ட கேட்டேன். ஒச்சப்பன் யாருன்னா என் மச்சினன். என் சம்சாரம் சீனியம்மாவோட கூடப் பொறந்த தம்பி. கூனிமலை சர்க்கார் நிலம். காப்பி போடுறதுக்குன்னு என் மாமனார் காலத்துல குத்தகைக்கு எடுத்தது. அவருக்கு அப்புறம் இவன் குத்தகைப் பணம் கட்டி வர்றான். அடிவாரத்துல கொஞ்சம் சொந்தப் பட்டா, அதுக்கு மேல குத்தகைக் காப்பித் தோட்டம், தோட்டத்துக்கு ஊடால ஒரு பாதை, உச்சியில மொட்டைப்பாறை. அங்க நின்னா வைகை அணை மொத்தமும் தெரியுமாம். அந்தப் பாதையில ஊர்க்காரன் எவனும் காசு கொடுத்து ஏறுனது கிடையாது. எவனோ ஒருத்தன் போன்ல படம் எடுத்துப் போட்டான். அப்புறம் பாருங்க, மெட்ராஸ்ல இருந்து, பெங்களூர்ல இருந்து, உங்கள மாதிரி. நீங்க எந்த ஊரு? திருப்பூரா? நல்லது.

ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம டெப்போ ஆளுங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். "வாங்கய்யா, நம்ம மச்சினன் மலை, பாத்துட்டு வருவோம்"னு. அவங்க ஏறட்டும், நான் கீழ டீக்கடையில இருக்கலாம்னு யோசனை. போனா, பாதைக்குக் குறுக்க இரும்புக் கேட்டு! பக்கத்துல தகரக் கொட்டகை. "மலை ஏற நபர் ஒன்றுக்கு ரூ.30"னு போர்டு. உள்ள ஒச்சப்பன் உக்காந்திருக்கான், டிக்கெட்டுக் கட்டை வச்சுக்கிட்டு.

"வாங்க மச்சான்"னு எந்திரிச்சான். மரியாதையெல்லாம் குறைவில்ல. "உங்களுக்கு வேணாம். இவங்க நாலு பேருக்கு மட்டும் போட்டுருவோமா?"ன்னான்.

டெப்போ ஆளுங்க என் மூஞ்சியப் பாக்குறாங்க.

"ஏன் மாப்ள, எனக்கு மட்டும் வேணாம்?"

"நீங்க நம்ம வீட்டு ஆளு மச்சான்."

"அப்ப என்னை ஓசியில போகச் சொல்றியா?"

"சரி, அப்ப அஞ்சு பேருக்கும் போட்டுருவோம்."

"என்கிட்டயே காசு கேக்குறியா?"

அவன் முழிக்கிறான். இதுல முழிக்கிறதுக்கு என்ன இருக்கு? ஓசி எனக்குப் பிடிக்காது. காசு கொடுக்குறதும் நியாயமில்ல. அப்ப மிச்சம் இருக்குறது ஒரே வழிதான், போராடுறது. அன்னைக்கு ராத்திரியே கமிட்டி போட்டாச்சு. கூனிமலை பொதுமக்கள் பாதை மீட்புக் குழு. தலைவர் நான். செயலாளர் தங்கமாயன், என் வண்டியில டிரைவரா இருந்தவன். பொருளாளர் வேணாம்னு சொல்லிட்டேன். காசு வாங்காத மலைக்கு எதுக்குப் பொருளாளர்?

சீனியம்மாகிட்ட சொன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. "என் தம்பிக்கு எதிராவா?"ன்னா. "உன் தம்பிக்கு எதிரா இல்ல, கேட்டுக்கு எதிரா"ன்னேன். "கேட்டு யாரு போட்டது?"ன்னா. பொம்பளைங்ககிட்ட கொள்கை பேச முடியாது தம்பி. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? சரி விடுங்க.

கேட்டுக்கு முன்னால பந்தல் போட்டு ஒரு நாள் உண்ணாவிரதம் உக்காந்தோம். அந்த நேரம் ஒச்சப்பன் சம்சாரம் மகள் பிரசவத்துக்குன்னு கோயமுத்தூர் போயிருந்துச்சு. தம்பி பட்டினி கிடப்பானேன்னு சீனியம்மா தூக்குவாளியில சோறு கொண்டு வந்தா. என்னைத் தாண்டித்தான் போகணும். போனா. திரும்பிக்கூடப் பாக்கல. கொட்டகைக்குள்ள வாளியத் திறந்தா தம்பி... அயிரமீன் குழம்பு. காத்து வேற எங்க பக்கம் அடிக்குது. தங்கமாயன் "தண்ணி குடிச்சுட்டு வர்றேன்"னு போனவன், அரை மணி நேரம் கழிச்சு கைய வேட்டியில துடைச்சுக்கிட்டு வந்தான். "என்னய்யா மணக்குது?"ன்னேன். "தண்ணி"ன்னான். செயலாளரை அன்னைக்கே மாத்தியிருக்கணும்.

அதுக்கு மறுநாள்ல இருந்து ஒச்சப்பன் தோட்டத்து வேலையப் பாக்கப் போயிட்டான். கொட்டகையில உக்காந்தது யாருங்குறீங்க? என் சம்சாரம். காலையில எனக்கு இட்லி ஊத்தி மூடி வச்சுட்டு, இதே பஸ்ஸுல ஏறிப் போயிர்றா.

நான் விடுவனா? நானும் போனேன். அவ மூக்குக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு வரிசைய ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருக்கா. கூட்டத்துக்கு முன்னாடி போய் நின்னேன்.

"சீனி, கேட்டைத் தொற."

"டிக்கெட் எடுங்க."

"ஏய், நான்டி."

"யாரா இருந்தாலும். சில்லறையா வச்சிருக்கீங்களா?"

"இது பொதுமக்கள் பாதை."

"வரிசையில வாங்க. பின்னாடி ஆளு நிக்குதுல்ல."

"நான் யாருன்னு தெரியுமாடி உனக்கு?"

கண்ணாடிய இறக்கி என்னை ஒரு பார்வை பாத்தா. "முப்பது வருசமாத் தெரியும். டிக்கெட் எடுக்காதவங்க ஓரமா நில்லுங்க. எடுத்தவங்களுக்கு வழி விடுங்க."

பின்னாடி நின்ன காலேஜுப் புள்ளைங்க சிரிச்சுருச்சுங்க. ஒண்ணு கை வேற தட்டுது. இதையெல்லாம் இவ எங்க கத்துக்கிட்டான்னு நானும் யோசிச்சுப் பாத்துட்டேன், புரியல. அவங்க வீட்டுல யாரும் அப்படி அழுத்தமாப் பேசுற ஆளு கிடையாது.

வீட்டுக்கு வந்து மனு எழுதுனேன். கலெக்டருக்கு ஒண்ணு, மந்திரிக்கு ஒண்ணு, போட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில கோட்டாட்சியர் அம்மா நேர்ல வந்துச்சு. சின்ன வயசு. பூட்ஸு போட்டு வந்து, யாருக்கும் சொல்லாம விறுவிறுன்னு உச்சி வரைக்கும் போயிட்டு இறங்கிருச்சு. வேர்வையத் துடைச்சுக்கிட்டே என்கிட்ட கேக்குது, "ஐயா, மொட்டைப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஒத்தையடிப் பாதை இறங்குதே, அது எங்க போகுது?"

நான் என்ன சொல்றது? "அம்மா, அது மேல போயி அப்படியே... கீழ போகுது"ன்னேன்.

"நீங்க எத்தனை தடவை ஏறியிருப்பீங்க?"

"இது என் சொந்தப் பிரச்சினை இல்லம்மா, பொதுமக்கள் பிரச்சினை"ன்னு சொல்லிட்டேன். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டிட்டு ஜீப்புல ஏறிருச்சு. நல்ல அதிகாரி. புரிஞ்சுக்கிச்சு.

நான் ஏறுனதில்லதான். அதுக்கென்ன இப்ப? உசரத்துல நின்னா எனக்கு முழங்கால்ல தண்ணி மாதிரி ஒண்ணு ஓடும். அது உடம்பு வாகு. பாதை வேணும்னு கேக்குறவன் அதுல நடந்துதான் ஆகணும்னு சட்டமா இருக்கு?

ஒரு மாசத்துல உத்தரவு வந்துருச்சு. குத்தகை காப்பி விளைவிக்கத்தான், பாதை அதுல சேராது, பாதையில நடக்க யாரும் காசு வாங்கக்கூடாதுன்னு. ஜெயிச்சாச்சு! ஒச்சப்பன் சத்தமே போடல. மறுநாளே கேட்டைத் தொறந்து விட்டுட்டு, போர்டைக் கழட்டித் திருப்பிப் போட்டு அதுல காப்பிக்கொட்டை காய வச்சுட்டான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை வெற்றி ஊர்வலம். தப்பாட்டம், மேளம், எல்லாம் தங்கமாயன் ஏற்பாடு. நூறு பேருக்கு மேல இருக்கும். எனக்கு மாலை. நான் என்ன நினைச்சேன், கேட்டுக்கிட்ட நின்னு பேசிட்டு, டீ குடிச்சுட்டுக் கலைஞ்சுருவோம்னு. தங்கமாயன் மைக்கைப் பிடிச்சு, "தலைவர் முன்னால ஏறுவார், நாம பின்னால ஏறுவோம்"னுட்டான். கையில கொடியக் கொடுத்துட்டாங்க. பின்னாடி மேளம். எப்படித் திரும்புறது?

காப்பித் தோட்டம் வரைக்கும் ஒண்ணுமில்ல. அதுக்கு மேல வழுக்குப்பாறைன்னு ஒரு இடம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல தம்பி. வெறும் காத்து. கீழ பாத்தேன். பஸ்ஸு ஒண்ணு தீப்பெட்டி மாதிரி போகுது. முழங்கால்ல அது ஓட ஆரம்பிச்சுருச்சு.

"நீங்க போங்கய்யா, யாரும் விட்டுப்போகாம நான் கடைசியாப் பாத்துட்டு வர்றேன்"னேன். கொடியத் தங்கமாயன்கிட்ட கொடுத்துட்டேன். ஒவ்வொருத்தனும் தாண்டிப் போறப்ப கும்பிட்டுட்டுப் போறான். தலைவர் உக்காந்திருக்குறதைப் பாத்தா நல்லாவா இருக்கும்? அதனால பாதையில இருந்து கொஞ்சம் இறங்கி ஒரு நெல்லி மரத்துக்குப் பின்னால மறைவா உக்காந்தேன். உக்காந்த இடம் சரளை. அப்படியே சறுக்கிருச்சு. ரொம்ப இல்ல, ஒரு பஸ்ஸு நீளம் இருக்கும். கீழ ஒரு காப்பிச் செடி. அதைப் பிடிச்சுக்கிட்டேன். ஏறவும் முடியல, இறங்கவும் முடியல.

கூட்டம் மேல போச்சு, ஆடுச்சு, பாடுச்சு, இறங்குச்சு. நான் கத்துறேன். மேளச் சத்தத்துல எவனுக்கும் கேக்கல. "கூனிமலை யாருக்குச் சொந்தம்? மக்களுக்குச் சொந்தம்!"னு கத்திக்கிட்டே என் தலைக்கு மேலயே போறாங்க. கீழ தங்கமாயன் மைக்குல பேசுறது எனக்குத் தெளிவாக் கேக்குது. "தலைவர் வீரபத்திரன் நம்மோடு எப்போதும் இருப்பார்"ங்குறான். செத்தவனுக்குப் பேசுற மாதிரி. பேசி முடிச்சு, கைதட்டி, சாம்பார் சாதம் தின்னுட்டு, வேன் ஏறிப் போயிட்டானுங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன், தலைவர் எங்கன்னு கேக்கல.

மேகம் இறங்கிருச்சு. பின்னால மூச்சு விடுற சத்தம். மெல்லத் திரும்பிப் பாத்தா காட்டுமாடு. எம்மாம் பெருசு! காலு நாலும் வெள்ளை. என்னையவே பாக்குது. நானும் கண்டக்டரு, பாத்தேன். வேற என்ன பண்றது? அது என் மாலையில பாதியத் தின்னுட்டு மெதுவாப் போயிருச்சு. சம்மங்கி மாலை.

பொழுது மசங்குறப்ப மேல ஒரு குரல். "மச்சான்! அசையாதீங்க!"

ஒச்சப்பன். தோள்ல கயிறு. அந்தச் சரிவுல சும்மா நம்ம வீட்டுப் படி இறங்குற மாதிரி இறங்கி வந்து பக்கத்துல உக்காந்தான். இடுப்புல கயிறைக் கட்டுனான். உடனே தூக்கல. "கொஞ்சம் மூச்சு வாங்கிக்கங்க"ன்னு ஒரு பீடியப் பத்த வச்சான்.

"மாப்ள, நான் இங்க இருக்குறது எப்படித் தெரியும்?"

"அக்கா சொல்லுச்சு. டிக்கெட்டு இல்லைன்னாலும் கேட்டுக்கிட்டயே உக்காந்து, ஏறுற ஆளுக்கு ஒரு புளியங்கொட்டைய டம்ளர்ல போட்டுச்சு. இறங்குற ஆளுக்கு ஒண்ணு எடுத்துச்சு. எல்லாரும் போனப்புறம் ஒரு கொட்டை மிச்சம். போய் அவரைக் கூட்டிட்டு வாடான்னுச்சு."

"நான்தான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் கேட்டேன். மத்தவங்கல்லாம் மலை ஏறத் தெரிஞ்சவங்கடான்னுச்சு."

பீடிய ரெண்டு இழுப்பு இழுத்தான். அப்புறம் அவனாச் சொன்னான். கேட்டுப் போடுறதுக்கு முன்னால ஒரு காலேஜுப் பையன் தனியா வந்து இதே வழுக்குப்பாறையில விழுந்துட்டானாம். மலையில ஒரு ஆளு இருக்குதுன்னே யாருக்கும் தெரியாது. மறுநாள் காப்பிக்கு மருந்தடிக்கப் போன இவன்தான் முனகல் கேட்டுத் தூக்கிக்கிட்டு இறங்கியிருக்கான். பையனுக்குக் கால் ரெண்டு இடத்துல முறிஞ்சிருச்சு. பிழைச்சுக்கிட்டான்.

"அதுக்கப்புறம்தான் மச்சான் கேட்டு. யாரு ஏறுறா, யாரு இறங்குறான்னு தெரியணும்ல."

"அதுக்குப் பேரைக் கேட்டா போதாதா? காசு எதுக்குடா?"

"பேரைக் கேட்டா நீ யாருடா கேக்குறதுக்குன்னு போறாங்க. காசு கேட்டாத்தான் நின்னு சண்டை போடுறாங்க. அப்ப மூஞ்சியப் பாத்து வச்சுக்கலாம்." பீடிய அணைச்சான். "காப்பிக்கும் விலை இல்ல மச்சான். பொய் சொல்லல. காசும் வேணும்தான்."

இதை முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. பந்தல்ல உக்காந்திருந்தப்ப ரெண்டு தடவை "மச்சான், ஒரு நிமிசம்"னு வந்தான். நான்தான் கோசம் போட்டுக்கிட்டு இருந்தேன். அழுத்திச் சொல்லணும்ல. அவனுக்கு அந்த அழுத்தம் பத்தாது.

கீழ வந்தா சீனியம்மா கொட்டகை வாசல்ல நிக்குறா. உக்கார வச்சு, ஊசியால கால்ல இருந்த முள்ளை ஒவ்வொண்ணா எடுத்தா. மஞ்சளும் எண்ணெயும் காச்சிப் போட்டா. போட்ட இடத்துலயே மறுபடியும் போட்டா. வயசாகுதுல்ல அவளுக்கும். "பாதி மாலை எங்க?"ன்னு மட்டும் கேட்டா. காட்டுமாடு தின்னுருச்சுன்னேன். அப்பத்தான் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சா. எண்ணெய்ப் புகை.

இப்ப நிலைமை என்னன்னா, மலைக்குக் காசு கிடையாது. என் போராட்டத்தால வந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. அடிவாரத்துல ஒச்சப்பன் சொந்தப் பட்டாவுல காரு நிறுத்துறான், அதுக்குக் காசு. கக்கூஸு கட்டிவிட்டான், அதுக்குக் காசு. சீனியம்மா டீயும் பணியாரமும் போடுறா. மலை ஓசின்னு கேள்விப்பட்டுக் கூட்டம் முன்னைவிட மூணு மடங்கு. "உங்க புண்ணியம் மச்சான்"னு தீபாவளிக்கு எனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தான். கேலியா, நிசமான்னு தெரியல. வேட்டி நல்ல வேட்டி.

நான் சனி ஞாயிறு இந்த பஸ்ஸுல போயி கேட்டுல நிக்குறேன். சம்பளம் கிடையாது. மேல போற ஆளை எண்ணுறேன், இறங்குற ஆளை எண்ணுறேன், அம்புட்டுத்தான். எண்ணுறது வேற, டிக்கெட்டு வேற. தங்கமாயன்கூட, "தலைவரே, கேட்டை எடுக்கச் சொல்லிட்டு இப்ப நீங்களே கேட்டு மாதிரி நிக்குறீங்களே"ன்னான். அவனைக் கமிட்டியில இருந்து எடுத்துட்டேன்.

உங்க பேரு என்ன தம்பி? சொல்லுங்க, சும்மாதான். பிரபாகரா. நீலச் சட்டை. சரி.

ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. மொட்டைப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு ஒத்தையடிப் பாதை இறங்குது, கோட்டாட்சியர் அம்மா கேட்டுச்சே, அது. அதுல இறங்கிறாதீங்க. கேரளாவுக்குப் போயிரும். போன மாசம் ரெண்டு பேரு, புருசன் பொண்டாட்டி, புதுசாக் கல்யாணம் ஆனதுக, அப்படித்தான் இறங்கிப் போயி அந்தப் பக்கம் பஸ்ஸேறி ஊருக்குப் போயிருச்சுங்க. நமக்கு எப்படித் தெரியும்? ஒச்சப்பன் கயிறை எடுத்துக்கிட்டு மேல போயிட்டான். நான் கேட்டுக்கிட்டயே உக்காந்திருக்கேன். கடைசி பஸ்ஸு போயிருச்சு. சீனியம்மா ஒரு தட்டுல சோறு போட்டுக் கொண்டு வந்து வச்சா. எனக்கும் அவளுக்கும் சேத்து ஒரே தட்டு. யாரு தொட்டோம் அதை? பக்கத்துல உக்காந்து அவளும் பாதையவே பாத்துக்கிட்டு இருந்தா.

ரொம்ப நேரம் கழிச்சு, "டிக்கெட்டு கிழிச்சிருந்தா பேராவது தெரிஞ்சிருக்கும்"னா.

அதுக்கு நான் நல்லாப் பதில் சொல்லியிருப்பேன். அப்ப இருட்டு, அவளும் குளிர்ல உக்காந்திருக்கா, அதனால சொல்லல. துண்டை எடுத்து அவ தோள்ல போட்டேன்.

இந்தா, ஸ்டாப்பு வந்துருச்சு. பையை மறந்துறாதீங்க. பாத்து இறங்குங்க, வண்டி நிக்கட்டும். நானும் இங்கதான். ஏறி, சுத்தி, போட்டோ எல்லாம் எடுத்துட்டு வாங்க, யாரும் பத்துப் பைசா கேக்க மாட்டாங்க. ஆனா போறப்ப என் கண்ணுல பட்டுட்டுப் போங்க தம்பி. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டீங்கன்னா, அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் சோறு இறங்காது.